"நான் தூக்கல" என்றாள் பஞ்சவர்ணம்

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எனக்கு ஒரே ஒரு மெமோதான் வந்தது. அதில் எழுதியிருந்த எதையும் நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள், பொறுமை, சேவை, சிரித்த முகம் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அதையெல்லாம் உங்களுக்கு காலேஜிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எப்போது பணிந்து போகக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் அதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. வேலை மதுரையில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூளை அறுவைச் சிகிச்சை வார்டில். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலர் மூக்கு வழியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வந்தால் பக்கத்தில் ஓடும் கண் நரம்பை அழுத்தும். பார்வை இரண்டு ஓரத்திலிருந்தும் இருட்டிக்கொண்டு வரும். மண்டையைத் திறக்காமல் மூக்குக்குள் கேமராவை விட்டு, மூளைக்கு அடியில் இருக்கும் எலும்பைத் திறந்து கட்டியை எடுத்துவிடுகிறார்கள். முகத்தில் ஒரு தழும்பு கூட இருக்காது.

திறந்ததை மூடுவதுதான் கஷ்டம். மூளையைச் சுற்றி எப்போதும் தண்ணீர் இருக்கிறது. தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து அடைத்து, மூக்கின் நடுச்சுவரிலிருந்து ஜவ்வைத் திருப்பி அதன் மேல் போர்த்தி விடுவார்கள். அது ஒட்டிப் பிடிக்கும் வரை அந்த இடத்தில் அழுத்தம் ஏறக் கூடாது. முக்கினால், குனிந்தால், பாரம் தூக்கினால், வாயை மூடிக்கொண்டு தும்மினால் அழுத்தம் ஏறும். ஒட்டு விலகும். மூளைத் தண்ணீர் மூக்கு வழியாக ஒழுகும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழி கிடைத்தால், வெளியே இருக்கும் கிருமிக்கு உள்ளே போகவும் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு மனிதரைக் கோட்டை விட்டேன்.

அவர் திருச்சுழிக்காரர். இருபத்தெட்டு வயது. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, "ஆறு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்காதீங்க" என்று நான்தான் சொன்னேன். "சரி சிஸ்டர்" என்றார். டிஸ்சார்ஜ் தாளிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. என் கடமை முடிந்தது என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பத்தாவது நாள் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுத்து மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. மூளைக்காய்ச்சல். மூன்று நாளாக மூக்கில் தண்ணீர் வடிந்திருக்கிறது. சளி பிடித்திருக்கிறது என்று மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இரண்டு காதும் போய்விட்டது. தன் குரலே தனக்குக் கேட்காததால் அவர் பேசினால் வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும். அப்படித்தான் ஒருநாள், ஊசி போட்டுக்கொண்டிருந்த என்னிடம் சத்தமாகக் கேட்டார்.

"ஒரு கேன் தண்ணி கனமா சிஸ்டர்? நாங்க கனம்னா மூட்டையத் தான சொல்லுவோம்."

வண்டியை ஓட்டப் போகவில்லை. மூட்டை தூக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று தெருமுனையில் இறக்கிவைத்த தண்ணீர் கேன்களில் தினமும் இரண்டைத் தன் வீட்டுக்குள் தூக்கி வந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு நடந்ததாகவேதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஊசியைப் போட்டு முடித்தேன். பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். ஒரு சொல் ஒரு இடத்தில் ஒன்றையும் இன்னொரு இடத்தில் வேறொன்றையும் குறிக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே பழகியது. அப்படிப்பட்ட நானே என் "கனம்" வேறு, அவர் "கனம்" வேறு என்று யோசிக்கவில்லை. அவர் "சரி" என்று சொன்னதும், என்ன சரி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அந்த வாரமே ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். தண்ணிக் குடம், தண்ணி கேன், அரிசிப் பை, கைப்பிள்ளை, ஆட்டுக்குட்டி, எதையும் தூக்கக் கூடாது. பருத்தி எடுக்கக் கூடாது, களை எடுக்கக் கூடாது, குனிந்து கோலம் போடக் கூடாது. மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மிளகாய் வறுக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. வெளிக்குப் போகும்போது முக்கக் கூடாது, குத்த வைக்கக் கூடாது. மூக்கில் தண்ணீர் மாதிரி வடிந்தாலோ தொண்டையில் உப்புக் கரித்தாலோ சளி என்று நினைக்காமல் உடனே போன் செய்ய வேண்டும். கடைசியில் என் நம்பர். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லி, கையில் கொடுத்தேன்.

அதற்குத்தான் மெமோ. நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாத தாளை நோயாளிகளுக்கு விநியோகித்தது ஏன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடு, என்றார்கள். கூட வேலை பார்த்தவர்கள், ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டுப் போ என்றார்கள். நான் பதில் எழுதினேன். "இந்தத் தாளில் எந்த வரி தவறு என்று சொன்னால் அதைத் திருத்திக்கொள்கிறேன். கொடுப்பதை நிறுத்த மாட்டேன்." பதில் வரவில்லை. வந்தது சீஃப் மட்டும்தான்.

சீஃப் என்றால் எங்கள் பெரிய டாக்டர். அதிகம் பேசாத மனிதர். ரவுண்ட்ஸில் அவர் கட்டில் கட்டிலாக வரும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அன்று என் மேஜைக்கு வந்து அந்தத் தாளை வாங்கி நின்றபடியே முழுவதும் வாசித்தார். "தலைக்கு உசரமா வச்சுப் படுக்கணும்னு எழுதல. ரெண்டு தலையணைன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டேன்.

தாள் வந்த பிறகு ஒழுகலோடு திரும்பி வருகிறவர்கள் எங்கள் வார்டில் குறைந்தார்கள். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமைதான் அடுத்த தப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

பஞ்சவர்ணம் எம்.ரெட்டியபட்டிக்காரி. முப்பத்தாறு வயது. பருத்திக் காட்டில் கூலி வேலை. ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் வந்த பைக்கைப் பார்க்காமல் அடிபட்டு, எப்படிப் பார்க்காமல் போனாய் என்று எல்லாரும் திட்டியதில்தான் ஓரப் பார்வை போயிருப்பது தெரிந்தது. அவளுக்கும் மூக்கு வழியாக ஆபரேஷன். கண்ணைத் திறந்த அன்றே, "கதவு ரெண்டு பக்கமும் தெரியுது" என்றாள். தாளை அவளே வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்டாள். கோழியைப் பிடிக்கலாமா, சேலை துவைக்கலாமா, ஷேர் ஆட்டோவில் பள்ளம் மேட்டில் போகலாமா. அப்படிக் கேட்கிறவர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுக்குப் போன ஒன்பதாவது நாள், ஒரு சனிக்கிழமை. எனக்கு வார விடுமுறை. அருப்புக்கோட்டை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தலை லேசாகச் சாய்ந்தாலே வலது மூக்கில் சொட்டுகிறது, படுத்தால் தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றாள் பஞ்சவர்ணம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "என்னத்தத் தூக்குன?"

"நான் தூக்கல. நீங்களும் இப்படிக் கேக்குறீங்களே சிஸ்டர்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் மறைக்கிறாளே என்று. அசையாமல் தலையை உயர்த்தி வைத்துப் படு என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். இளம் டாக்டர், கெட்டிக்காரர், அன்று அவருக்கு மூச்சு விட நேரமில்லை. சளியாக இருக்கும், திங்கட்கிழமை ஓபிக்கு வரச் சொல்லுங்கள் என்றார். திருச்சுழிக்காரர் மூன்று நாள் சளி மாத்திரை போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சுவரில் என் தாளைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் வட்டமாக அறுத்து, கீழே ஒரு வாளி. குத்த வைக்கக் கூடாது என்று நான் எழுதியதற்காக அவள் புருஷன் இருளப்பன் அறுத்தது. அவள் ஒரு நெல் மூட்டையில் சாய்ந்து, அதன் மேல் இரண்டு தலையணை வைத்துப் படுத்திருந்தாள். அடுப்பு வேலை முழுவதும் அவள் நாத்தனார். நான் உட்கார்ந்திருந்தபோதே இருளப்பன் தெருக்குழாயிலிருந்து ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஆம்பளை இடுப்பில் குடமா என்று குழாயடியில் தினமும் சிரிக்கிறார்களாம். "சிரிக்கட்டும் சிஸ்டர். இவளுக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

இவர்களைப் பார்த்தா நான் அப்படிக் கேட்டேன் என்று கூசிப்போனேன்.

அவளை உட்கார வைத்து, மெதுவாகத் தலையை முன்னால் சாய்க்கச் சொன்னேன். வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், ஒரே மூக்கிலிருந்து. சளி காய்ந்தால் துணி மொடமொடப்பாகும். அவள் காலையில் துடைத்துப் போட்டிருந்த துணியை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். துவைத்துக் காயவைத்த துணி மாதிரி மெத்தென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. கழுத்து நன்றாக மடங்கியது. இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்தது. திங்கட்கிழமை வரை இருக்கிறதா என்று தெரியாது.

"பஞ்சவர்ணம், உன்னை நம்பாமக் கேட்டது என் தப்பு. இப்பவே மதுரைக்குப் போறோம்" என்றேன்.

"மறுபடி அறுப்பாகளா?"

"அறுத்தாலும் அறுப்பாங்க."

"அப்ப வாரேன். ஆனா நான் தூக்குனதா யாரும் எழுதக் கூடாது. ஒம்போது நாளா இந்த மனுசன் தெருவுல சிரிப்பு வாங்கிருக்காரு."

ஆம்புலன்ஸில் அவளைச் சாய்வாகப் படுக்க வைத்துக் கூட்டிப் போனோம். மூக்கை உறிஞ்சாதே, சிந்தாதே, வடிந்தால் வடியட்டும் என்று வழி நெடுக நான் சொல்ல, அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

வார்டில் டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனார். திங்கட்கிழமைதானே சொன்னேன், யாரைக் கேட்டு இன்று கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்றார்.

"அவ மூக்கைக் கேட்டு, டாக்டர்" என்றேன்.

துண்டைக் காட்டினேன். பார்த்தவுடன் அவருக்கும் விளங்கிவிட்டது. மளமளவென்று எல்லா ஏற்பாட்டையும் செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேஸ் ஷீட்டில் எழுதும்போது நான் எட்டிப் பார்த்தேன். நோயாளி அறிவுரைகளைப் பின்பற்றவில்லை, பாரம் தூக்கியதால் ஒழுகல், என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

பாரம் தூக்கியதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். பின்னே எப்படி ஒழுகும், தாள்கூடக் கொடுத்தோமே, என்றார். தாள்கூடக் கொடுத்தோமே. என் தாள். ஒரு ஆளைக் காப்பாற்ற நான் எழுதியதை எடுத்து அவள் மேல் பழி போட்டுவிட்டார்கள். போனில் நான் செய்ததும் அதேதான்.

அந்த வரி இருக்கும் வரை அந்தப் பக்கத்தில் நர்ஸ் கையெழுத்து விழாது என்று சொன்னேன். புகார் கொடுப்பேன் என்றார். கொடுங்கள், அதிலும் இதையே எழுதுங்கள் என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். பயமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பாதீர்கள். பயம் வந்தால் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் பேசுங்கள், அவ்வளவுதான்.

சீஃப் வந்தார். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். பிறகு பஞ்சவர்ணத்தின் மூக்குக்குள் கேமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அந்தப் படம் முழுவதும் புரியாது. ஆனால் அவர் ஒரே இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அதே இடத்துக்கு வந்தார். டாக்டரை அழைத்துக் காட்டினார். திருப்பிப் போர்த்திய ஜவ்வு ஒரு ஓரத்தில் எலும்பை முழுவதும் மூடவில்லை. நூலளவு இடைவெளி. அதன் வழியாக ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இது குடம் தூக்கி வந்ததில்ல. நான் போட்ட அளவு பத்தல" என்றார் சீஃப்.

கட்டிலில் படுத்திருந்த பஞ்சவர்ணம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

டியூட்டி டாக்டர் அந்த வரியை அடிக்கப் போனார். சீஃப் தடுத்தார். எழுதினதை மறைக்க வேண்டாம், நாம் எப்படி நினைத்தோம் என்பதும் தெரியட்டும் என்று சொல்லி, அதற்குக் கீழே தான் கண்டதைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். நானும் போட்டேன். எத்தனையோ சிக்கலான ஆபரேஷனில் அவர் கையைப் பார்த்து அசந்திருக்கிறேன். அவரைப் பெரிய மனிதர் என்று நான் நினைத்தது அந்த இரண்டு வரி எழுதிய நிமிஷத்தில்தான்.

மறுநாள் காலை திரும்ப ஆபரேஷன். தொடையிலிருந்து தசை மேல் உறையை எடுத்து உள்ளே வைத்து, ஜவ்வை நகர்த்தி மேலே போர்த்தினார்கள். அழுத்தம் குறைவதற்காக முதுகுத் தண்டில் சின்னக் குழாய் வைத்து ஐந்து நாள் தண்ணீரை வடித்தார்கள். ஐந்து நாளும் அவள் புரளக்கூட இல்லை. குழாயை எடுத்த பிறகு தலையைச் சாய்க்கச் சொன்னேன். துண்டு காய்ந்தே இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். காய்ச்சல் வரவே இல்லை. தாளின் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன். இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒழுகலாம், அது உங்கள் குற்றம் அல்ல, பயப்படாமல் உடனே சொல்லுங்கள். அந்த வரிக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

பஞ்சவர்ணம் வீட்டுக்குக் கிளம்பும் நாள். துணியெல்லாம் பையில் கட்டியாகிவிட்டது. இருளப்பன் ஆட்டோ பார்க்கப் போயிருந்தார். நான் வழக்கம்போல தமிழில் இருந்த டிஸ்சார்ஜ் படிவத்தை நீட்டி, கீழே கோடு போட்ட இடத்தைக் காட்டினேன். ஆயிரக்கணக்கான பேரிடம் அப்படிக் காட்டி வாங்கியிருக்கிறேன். அவள் பேனாவை வாங்கவில்லை. படிவத்தை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அறிவுரைகள் எனக்கு விளக்கப்பட்டன. சரி என்றாள். மருந்துகள் பெற்றுக்கொண்டேன். சரி என்றாள். இனி ஏற்படும் எந்தப் பின்விளைவுக்கும் நானே முழுப் பொறுப்பு.

அங்கே விரலை வைத்தாள்.

"சிஸ்டர், இந்த வரிய அடிங்க. கையெழுத்துப் போடுறேன்."

அது அச்சடித்த படிவம். என்னைவிடப் பெரியவர்கள் பத்துப் பேர் பார்த்து முடிவு செய்தது. முப்பது வருஷமாக அந்த வரியை நான் ஒருதடவைகூட வாசித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பின்னால் அடுத்த நோயாளிக்கு இந்தக் கட்டில் வேண்டும் என்று வார்டு பாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் விரலை எடுக்கவில்லை.

அளவுகோல் எடுத்து, கோணாமல், அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் என் பேரை எழுதினேன். பஞ்சவர்ணம் பேனாவை வாங்கி, ஒரு எழுத்தும் விடாமல் தன் முழுப் பேரையும் எழுதினாள்.